அடிப்பதும் இழுப்பதும்

மாடியில் கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டால் பெயிண்டருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். முதலில் கட்டில் ஜன்னலோரம் போகும். அங்கே காற்று முகத்தில் அடிக்கிறது என்று சுவரோரம் திரும்பி வரும். அப்புறம் கட்டிலே வேண்டாம், நாற்காலி போதும் என்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடிக்கும், எழுந்து நடந்தால் இளைக்கும். கீழ் வீட்டில் ஸ்கூல் பை தைக்கிற எனக்கு, மிஷின் சத்தத்தையும் மீறி மேலே நடக்கிறதெல்லாம் அத்துப்படி. எத்தனை நாள்தான் காது கேட்காதவள் மாதிரி ஜிப் வைத்துத் தைப்பது?

பெயிண்டர் என்றால் சுவருக்கு வெள்ளையடிக்கிற பெயிண்டர் இல்லை. அப்படி யாராவது நினைத்துவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் கன் பிடித்து ஸ்ப்ரே அடிக்கிறவர். அவர் அடித்த பஸ்ஸில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஷெட்டில் பேசிக்கொள்வார்களாம். அதை அவரேதான் நமக்குச் சொல்வார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவின் தம்பிக்கும் அதே ஷெட்டில்தான் வேலை. தகரத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கிக் கொடுப்பான். அவன் தேய்த்துக் கொடுத்தால்தான் மாமா கன்னையே கையில் எடுப்பார். தெருக்கோடியில் குடியிருந்தான். மூச்சு முட்டி மாமா வேலைக்குப் போகாமல் நின்றதிலிருந்து தினமும் அவரைப் பார்க்க வந்து, அக்கா கையால் டீ குடித்து, ஷெட் சமாசாரம் எல்லாம் கொட்டிவிட்டுப் போவான். அவன் போன பிறகு பெயிண்டருக்கு இருப்புக்கொள்ளாது. கட்டில் மறுபடி நகரும்.

அந்த மாதம் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கம்மென்று ஒரு மூட்டம். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் பிசுபிசுத்தது. அடுப்புப் புகை ஜன்னலைத் தாண்டாமல் அங்கேயே நின்றது. நல்ல மூச்சு விடுகிறவர்களுக்கே நெஞ்சில் ஏதோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெயிண்டர் கடைக்குப் போய்த் திரும்பினால் மாடி ஏறுவதற்கு முன்னால் என் வாசலில் நிற்பார். மூச்சு வாங்குகிறது என்று ஒத்துக்கொண்டால் கௌரவம் என்னாவது? அதனால் என் தொழிலில் அவருக்குத் திடீர் அக்கறை வந்துவிடும்.

"இந்த ஜிப்பு... நல்ல ஜிப்பா தங்கச்சி?"

"நல்ல ஜிப்புதான் அண்ணே. நேத்தும் இதே ஜிப்புதான். நேத்தும் கேட்டீங்க."

"இல்ல... புள்ளைங்க இழுத்தா... சிக்கிக்குமேன்னு..."

"சிக்காது. உள்ள வந்து உக்காருங்க. நாற்காலி சும்மாதான் கெடக்கு."

"எனக்கென்ன. நான் நல்லாத்தானே... இருக்கேன்."

சொல்லும்போதே தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். உதடு லேசாக நீலம் பாய்ந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற கிளினிக்கில் டாக்டர் ஒரு மிஷினில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று சொல்லியிருந்தார். போன மூச்சு போனதுதான், திரும்ப வராது. மிச்சமிருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மருந்தை ஒரு வேளை விடாமல் எடுக்க வேண்டும், பெயிண்ட் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. இல்லையென்றால் இன்னும் கொஞ்ச காலத்தில் மூக்கில் குழாயும் பக்கத்தில் சிலிண்டருமாக வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான். அக்கா அன்றைக்கு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெயிண்டர் டாக்டரோடு வழக்காடிவிட்டுத்தான் வந்தாராம். "நான் பீடி தொட்டதில்ல, சிகரெட் தொட்டதில்ல. எனக்கு எப்படிங்க நுரையீரல் கெடும்? பெயிண்டா? ஒரு பொட்டு பெயிண்ட் நான் உள்ள இழுத்ததில்ல. கன்னை அமுக்குற நேரம் மூச்சை இழுக்கவே கூடாதுன்னு எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர் பொடனில அடிச்சுப் பழக்கினார். விரல் அமுக்கினா நெஞ்சு தன்னால பூட்டிக்கும். தூக்கத்துல கூட." டாக்டருக்கு வெளியே வரிசை காத்திருந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "இந்த ஸ்ப்ரேயைக் காலைல ரெண்டு, சாயந்திரம் ரெண்டு அடிங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஸ்ப்ரே அடிங்க. அதுவும் யாரிடம்? பெயிண்டர் வீட்டுக்கு வந்து சிரித்தாராம். "என்கிட்டயே சொல்றார் பாரு, ஸ்ப்ரே அடின்னு."

அந்த இன்ஹேலர் டப்பா ஒன்று தீர்ந்து அடுத்த டப்பா வந்தது. கட்டில் நகர்வது நின்றபாடில்லை. ஒரு நாள் அக்கா பட்டாணியை முறத்தில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள். இரண்டு பேரும் உரித்தோம்.

"எடுக்குறாரா இல்லையான்னே தெரியல," என்றாள். "எடுத்தா ஏன் கேக்கல? டாக்டர் நல்ல மருந்துன்னார்."

"நீங்க பக்கத்துல நிக்கிறதில்லையா?"

"நின்னா கோவம் வருது. நான் என்ன சின்னப் புள்ளையா, மருந்து குடிக்கிறேனான்னு பாக்க வந்துட்டியான்னு. டப்பா தீருது. அப்ப எடுக்குறார்தானே?"

"சாப்பிடுறாரா?"

"எங்க சாப்பிடுறார். நாலு வாய் சோறு. அஞ்சாவது வாய்க்கு மூச்சு வாங்குது. மெல்லவும் மூச்சு விடவும் ஒரே நேரத்துல முடியல அவருக்கு. தட்டைத் தள்ளிடுறார். நான் மறுபடி சூடு பண்ணி மறுபடி வெக்கிறேன். உக்காந்த எடத்துல உக்கார முடியல எனக்கு." அப்புறம் குரலைத் தணித்தாள். "நேத்து என்ன சொன்னார் தெரியுமா? இதெல்லாம் வெறும் காத்து, டப்பாக்குள்ள ஒண்ணும் இல்ல, ஊரை ஏமாத்துறாங்க, இனிமே வாங்காதேன்னார். ஷெட்ல முதலாளி வேற போன் மேல போன். புது பஸ் வந்து நிக்குதாம். எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "சாயந்திரம் நான் மேல வர்றேன். ஜிப் காட்ட," என்றேன்.

சாயந்திரம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெயிண்டர் மருந்து எடுக்கும் நேரம். நான் இருப்பதில் அவருக்கு வருத்தமில்லை, வித்தையைப் பார்க்க ஆள் கிடைத்த மாதிரிதான் தெரிந்தது. முதலில் வெளிச்சம் பார்த்து ஜன்னல் பக்கம் நின்றார். டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். குலுக்கு என்றால் அப்படி ஒரு குலுக்கு. வெளியே ஒரு தரம் அடித்து, வருகிற புகை சீராக இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு வாயை ஆவென்று திறந்து, டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கி, மணிக்கட்டை அசைக்காமல் கையை இடமிருந்து வலமாகக் கொண்டுபோய், ஒரே அமுக்கு. அமுக்கிய கையோடு ஓரடி பின்னால் நகர்ந்து, புகை அடங்கும்வரை மூச்சை அடக்கி நின்று, அப்புறம் உஸ்ஸென்று வெளியே விட்டார்.

"இது முதல் கோட்டு," என்றார் எங்களைப் பார்த்து. "காய விடணும். உடனே அடிச்சா ஒழுகிடும்."

எனக்கு மருந்து பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் புகை அவர் மீசையையும் கன்னத்தையும் தடவிக்கொண்டு அப்படியே ஜன்னலைத் தாண்டிப் போனதை இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். மறுநாள் அவரை நடுவில் வைத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அன்றைக்கு டாக்டர் இல்லை. நர்ஸம்மா இருந்தார். மருந்து கேட்கவில்லை என்று அக்கா ஆரம்பித்ததும், அந்தம்மா வேறெதுவும் கேட்காமல் டப்பாவை வாங்கிப் பெயிண்டர் கையிலேயே கொடுத்தார்.

"எப்படி எடுக்குறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க."

அதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெயிண்டர் உற்சாகமாக எழுந்து, வெளிச்சம் தேடி, குலுக்கி, சோதனை பார்த்து, முழு வித்தையையும் செய்து காட்டினார். நர்ஸம்மா சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. அவர் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ்ஸுக்கு ஸ்ப்ரே அடிக்கிறேம்மா."

"அதான் கை இவ்வளவு சுத்தமா நிக்குது," என்றார் நர்ஸம்மா. "ஆனா இது அடிக்கிற மருந்து இல்லைங்க. இழுக்கிற மருந்து. வாய்க்குள்ள வெச்சு உதட்டை மூடி, அமுக்கும்போதே உள்ள இழுக்கணும். மூச்சை அடக்கி நின்னா ஒரு பொட்டு கூட நெஞ்சுக்குப் போகாது. இத்தனை நாளா உங்க மீசைக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"இழுங்க," என்றார் நர்ஸம்மா. பெயிண்டர் டப்பாவை வாயில் வைத்தார். விரல் அமுக்கியது. நெஞ்சு பூட்டிக்கொண்டது. மறுபடி. விரல் அமுக்கியதும் மறுபடி பூட்டு. பெயிண்டருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"வரல," என்றார். "விரல் அமுக்கினா வர மாட்டேங்குதும்மா. பழகிப்போச்சு. கூடாதுன்னே பழகிட்டேன்."

"நீங்க பழகினது தப்பில்ல. அதை வெச்சுத்தான் பெயிண்ட் உள்ள போகலன்னு நெனச்சீங்க, இல்லையா? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எங்க நின்னு மூச்சு விட்டீங்க?"

"ஷெட்லதான்."

"அந்தப் புகைக்குள்ளதானே?"

அவர் கையிலிருந்த டப்பாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்த ஒரு விஷயம் பொசுக்கென்று போய்விட்டால் மனிதன் என்ன பேசுவான்? எனக்கே பாவமாக இருந்தது.

நர்ஸம்மா அலமாரியிலிருந்து தண்ணீர் பாட்டில் அளவில் ஒரு பிளாஸ்டிக் கூடு எடுத்தார். ஒரு முனையில் டப்பாவைச் சொருகினார், மறு முனையை அவர் வாயில் கொடுத்தார். "இப்ப உங்க இஷ்டப்படி அடிங்க. கூட்டுக்குள்ளதான் போகும். கையை எடுத்துடுங்க. அடிக்கிற வேலை முடிஞ்சுது. இனிமே இழுக்கிற வேலை. அவசரமில்ல, மெதுவா இழுங்க. இழுத்து, முடிஞ்ச மட்டும் அடக்குங்க."

"அடக்குறதா? அது நமக்குக் கைவந்ததாச்சே," என்று சொல்லிவிட்டு இழுத்தார். அடக்கினார். நான்கு எண்ணுவதற்குள் இருமல் வந்து ஆளைக் குலுக்கிவிட்டது. நர்ஸம்மா முதுகில் கை வைத்து, மறுபடி செய்யச் சொன்னார். இளைக்கும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடவும் சொல்லிக் கொடுத்தார். மருந்து எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். பெயிண்டர், புதிதாகத் தொழில் பழகுகிற ஆள் மாதிரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்புறம் கட்டில் சத்தம் குறைந்தது. ஒரு நாள் அறவே கேட்கவில்லை. எனக்குத்தான் பயமாகிப் போய் மேலே ஓடினேன். பெயிண்டர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்து எத்தனை காலமாச்சு என்று அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறும் தட்டில் மிச்சமாகாமல் இறங்கியது. மூட்டமும் கலைந்து கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. பெயிண்டர் என் வாசலில் நிற்காமலே மாடி ஏறினார். ஜிப்பை விசாரிக்க ஆளில்லாமல் போயிற்று.

நிம்மதியாக இருக்க விட்டாரா மனிதர்? அடுத்த வாரமே மேலே குரல் உயர்ந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பெயிண்டர் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். தம்பிக்காரன் நாற்காலியில் டீ டம்ளரோடு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"நீயே கேளு தங்கச்சி," என்றார் பெயிண்டர். "மருந்து எடு, மருந்து எடுன்னு உசுரை வாங்கினா. எடுத்தாச்சு. கேக்குது. இப்ப வேலைக்குப் போகாதேங்குறா."

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் அக்கா.

"அது மூச்சு விட முடியாதப்ப சொன்னது."

"இப்ப விட முடியுதுன்னா அங்க போகாம இருக்கிறதாலதான் முடியுது. நல்லா இழுக்கக் கத்துக் குடுத்தது மறுபடி அந்தப் பெயிண்ட் புகையை இழுக்கவா?"

"கர்ச்சீப் கட்டிக்குவேன். டப்பாவை சட்டைப்பைல வெச்சுக்குவேன். முடியலன்னா ரெண்டு இழுப்பு. அவ்வளவுதானே."

"மருந்து உங்களுக்குக் குடுத்தது. ஷெட்டுக்குக் குடுத்தது இல்ல."

"அப்ப வீட்ல உக்காந்து என்ன பண்ணட்டும்? கட்டிலைத் தள்ளட்டுமா? தெருவுல என்னைப் பெயிண்டர்னுதான் கூப்பிடுறாங்க. நாளைக்கு என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லு."

தம்பிக்காரன் செருமிக்கொண்டு, "அக்கா, நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்குறேன். ஒரே ஒரு பஸ்தானே," என்றான்.

"நீ டீயைக் குடி," என்றாள் அக்கா.

அப்புறம் அவளே சோற்றைக் கட்டிப் பெயிண்டர் கையில் கொடுத்தாள். மாமனும் மச்சானும் படியிறங்கிப் போனார்கள். இவ்வளவு பாடுபட்டுப் போராடி அவருக்கு மூச்சை வாங்கிக் கொடுத்தவள், அந்த மூச்சை எடுத்துக்கொண்டே அவர் ஷெட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது. அக்கா என் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், குடத்தை நிரப்பினாள், நிரம்பிய குடத்தை மறுபடி நிரப்பப் போனாள். கடைசியில் என்னைப் பார்த்து, "வா," என்றாள்.

"எங்கக்கா?"

"ஷெட்டுக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அக்கா அந்த ஷெட்டுக்குள் போனதில்லை. அவசரம் என்றால் வாசல் கேட்டோடு சரி. நாங்கள் உள்ளே நுழைந்ததும் பெயிண்டில் கலக்கிற தின்னர் நெடி கண்ணில் குத்தியது. கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. நடுவில் பஸ், கண்ணாடிகளுக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டி, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி நின்றது. தகரக் கூரை ஓட்டை வழியாக இறங்கிய வெயிலில் நீலப் புகை சுழன்றுகொண்டிருந்தது. தரை, சுவர், ஒட்டடை எல்லாம் நீலம். பெயிண்டர் முகத்தில் கர்ச்சீப்போடு, கன்னைப் பிடித்து, பஸ்ஸின் பின்பக்கத்தில் பாதி முடித்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் தோள் இரண்டும் மறுபடி காதுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

அக்கா நேராகப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். மூக்கைப் பொத்தியிருந்த தன் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே?" பெயிண்டர் கத்திக் கேட்டார்.

"நீங்க அடிங்க."

"நெடி ஆகாது உனக்கு. வெளிய போ."

"உங்களுக்கு ஆகுதுல்ல? எனக்கும் ஆகும். நீங்க வேலைக்கு வர்ற நாளெல்லாம் நானும் வருவேன். இங்கதான் நிப்பேன். அடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவை இழுத்துக்கொண்டு போவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அசையவில்லை. அக்கா நெஞ்சு நிறைய இழுத்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுபடி இழுத்தாள்.

பெயிண்டர் கன்னைத் தூக்கினார். விரல் அமுக்குகிற இடத்தில் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் கன்னை இறக்கினார்.

"மோட்டரை நிறுத்துடா," என்று பஸ்ஸின் மறுபக்கம் பார்த்துக் கத்தினார்.

கம்ப்ரசர் நின்றது. ஷெட்டில் வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதி என்றைக்காவது இருந்திருக்குமா தெரியாது. கூரைத் தகரம் வெயிலில் படபடப்பது கேட்டது. கூடவே ஒரு விசில். மெல்லிசாக, சந்து வழியாகக் காற்று நுழைகிற மாதிரி, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. நானும் அக்காவும் பெயிண்டரைத் திரும்பிப் பார்த்தோம். வீட்டில் மூச்சு இளைக்கும்போது கேட்கிற விசில் எல்லாம் அவருடையதுதானே. ஆனால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் அவரிடமிருந்து வரவில்லை.

சுவிட்சுக்குப் பக்கத்தில் தம்பிக்காரன் நின்றிருந்தான். தலை, புருவம், இமை எல்லாம் பட்டித் தூள் படிந்து, அந்தச் சின்ன வயதிலேயே கிழவனாட்டம் வெளுத்திருந்தான். கையில் உப்புத்தாள்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு மூச்சு வாங்கினான்.

பெயிண்டர் அவனிடம் போனார். அவன் நெஞ்சில் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"எத்தனை நாளா?"

"தூசி மாமா. சளி. அது வரும், போகும்."

"நானும் அப்படித்தான் சொன்னேன்," என்றார் பெயிண்டர். அவன் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கிக் கீழே போட்டார். தன் முகத்திலிருந்த கர்ச்சீப்பை அவிழ்த்தார். மூக்குக்குக் கீழே அது மறைத்த இடத்திலும் நீலம் இறங்கியிருந்தது. "போ, மூஞ்சியைக் கழுவிட்டு சட்டையை மாத்து. கிளினிக் போகணும். ஊதச் சொல்லுவாங்க. வெக்கப்படாம ஊது."

"கிளினிக்குக்கா? யாருக்கு மாமா?"

"நமக்கு," என்றார் பெயிண்டர்.